மாமா காப்பியில் எழுதிய வாக்கியம்

எங்கள் மாமாவுக்குக் கண் பார்வை பிரமாதம். மாடியில் நின்றபடியே தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் நம்பரைச் சொல்வார். டிரைவர் அன்று சவரம் செய்திருக்கிறாரா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் மாதம் தவறாமல் கண் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கதையில் உள்ள கோளாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பியது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். நாற்பதைத் தாண்டிவிட்டார். எவ்வளவு தூரம் தாண்டினார் என்று கேட்டால், "இன்னைக்கு வெயில் ஓவர் இல்ல?" என்பார். எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறார். அங்கே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே நிறத்தில் ஏழெட்டுச் சட்டை, பஸ்ஸிலிருந்து கழற்றி வந்த பழைய போர்டு ஒன்று. இவ்வளவுதான் அவருடைய சொத்து.

அந்தப் போர்டுதான் அவருக்குத் தொழில். பஸ்ஸின் நெற்றியில் சிவப்பு எழுத்து ஊர்ந்து போகுமே, மீன் சந்தை, தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி என்று, அந்த எழுத்துக்கெல்லாம் மாமாதான் பொறுப்பு. நகர பஸ் கம்பெனியில் 'போர்டு செக்‌ஷன்' என்று ஓர் அறை இருக்கிறது. செக்‌ஷன் என்றால் மாமா, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் மாட்டிய ஒரு சோதனை போர்டு. முதலில் அவர் அங்கே போனது எரியாத விளக்கை மாற்றுவதற்கு. அந்த எழுத்துகளை ஓட்டுகிற புரோகிராமை எழுதியவர் ஒருநாள் வேலையை விட்டுப் போனார். போகும்போது மாமாவின் தோளைத் தட்டி, "எதையும் தொடாம பாத்துக்கோ" என்றாராம். மாமா தொட்டுத் தொட்டே கற்றுக்கொண்டார்.

அம்மாவுக்கு இந்த வேலை கடைசிவரை புரிந்ததில்லை.

"நீ கம்ப்யூட்டர்ல எழுதுறது என்ன பாஷைடா?"

"பெர்ல், அக்கா."

"யார் பேர்ல?"

"யார் பேர்லயும் இல்ல. பாஷையே பெர்ல்."

"யார் பேர்ல இருக்குன்னே தெரியாத வேலைக்குத்தான் இவ்வளவு நேரம் ஆபீஸ்ல உக்காந்திருக்கியா?"

பஸ் டிப்போவில் மாமாவுக்கு 'அம்பு' என்று பட்டப்பெயர். அந்த பாஷையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கும் சாமானை எடுக்க வேண்டுமானால் நடுவில் ஓர் அம்புக்குறி போட வேண்டுமாம். தடம், அம்பு, நிறுத்தம், அம்பு, பெயர். போட்டுப் போட்டு மாமாவின் விரலுக்கே அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் சும்மா சொல்ல மாட்டார். "சமையல்கட்டு, அலமாரி, ரெண்டாவது தட்டு, நீல டப்பா, அதுக்குள்ள" என்று ஒவ்வொன்றுக்கும் விரலை ஒரு குத்துக் குத்துவார். உப்பு கைக்கு வருவதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

இன்னொரு வியாதி, 'அதே' என்ற சொல். யாரும் அவரிடம் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

"அக்கா, இது காலையில போட்ட அதே டீயா? இல்ல, அதே மாதிரி டீயா?"

"குடிக்கிறியா, தலையில ஊத்தட்டுமா?"

"இல்லக்கா, ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அதேன்னா ஒண்ணுதான். அதே மாதிரின்னா ரெண்டு."

அம்மா டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள். மாமா பின்னாலேயே போவார்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். பல் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்துகிற பெண்மணியை நாங்கள் கண்ணாடிக்கார அம்மா என்போம். கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். உயரம். குறைந்த பேச்சு. எதிரில் நிற்கிறவரின் கண்ணாடி கோணலாக இருந்தால், அவர் யார் எவர் என்று பார்க்காமல், கேட்காமலே கையை நீட்டி நேராக்கிவிடுவார். ஒரு தடவை பஸ் போர்டு எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று டிப்போவுக்குப் புகார் சொல்ல வந்தார். மாமா அன்றிலிருந்து மங்கலாகிவிட்டார்.

ஒரு மாதம் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்குள் ஒரு ஸ்டூல், சுவரில் எழுத்து அட்டை. கண்ணாடிக்கார அம்மா குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"இது என்ன?"

ஊருக்கே தெரிகிற அளவில் 'ழ' என்று இருந்தது. மாமா கண்ணைச் சுருக்கினார், விரித்தார், தலையைச் சாய்த்தார்.

"யானை மாதிரி இருக்கு."

"யானையா?"

"சின்ன யானை."

அந்த அம்மா குச்சியைக் கீழே வைத்தார். "போன மாசம் இதைப் பூனைன்னு சொன்னீங்க. வளந்துடுச்சு போல."

நான் சிரிப்பை அடக்கக் கண்ணாடி பிரேம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. மாமா பார்க்கவில்லை. அவர் அப்போது யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் மாமா இந்தப் பாடு? கட்டிக்கிறீங்களான்னு நேரா கேட்டுடுங்களேன்."

"கேட்டு, அவங்க என்னைப் பைத்தியம்னு நெனைச்சுட்டா?"

"இப்ப மட்டும் என்ன நெனைக்கிறாங்களாம்?"

"இப்ப வெறும் குருடன்னு நெனைக்கிறாங்க. அது பரவாயில்ல. குருடனை மறுபடியும் வரச் சொல்லுவாங்க. பைத்தியத்தை வரச் சொல்ல மாட்டாங்க."

இதைச் சொன்னபோது அவர் விளையாடவில்லை. நடைபாதையில் நின்று செருப்பால் ஒரு கல்லை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு மேலே கிண்டல் செய்ய வாய் வரவில்லை. எனக்கே அது புதுசு.

கேட்பதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார். காகிதத்தில் எழுத முடியாது. எங்கள் வீட்டில் காகிதத்தில் எழுதிய எதுவும் அம்மாவின் கண்ணுக்குத் தப்பாது. சலவைக்குப் போடும் சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக்கூட இரண்டு பக்கமும் படிப்பாள். அதனால் மாமா ஆபீசில், எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், புரோகிராமுக்குள்ளேயே எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தார். சோதனை போர்டில் சிவப்பு எழுத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் அந்த வாக்கியம் வெளியே எப்படித் தெரியும் என்று புரியும் அல்லவா.

அசலில் கை வைக்கக் கூடாது என்ற புத்தி அவருக்கு இருந்தது. அதனால் தடங்கள் எல்லாவற்றையும் ஒரு காப்பி எடுத்தார். எப்படி எடுத்தார்? 'சோதனை' என்று எழுதி, சமக்குறி போட்டு, 'தடம்' என்று எழுதினார். முடிந்தது. காப்பி சரியா என்று பார்க்க, அதில் இல்லாத தடம் ஒன்றைச் சேர்த்தார்: நிலாவுக்குப் போகிற பஸ். அசலைத் திறந்து பார்த்தார். அங்கே நிலாவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சரி, இது வேறு அது வேறு என்று நம்பிவிட்டார்.

அங்கேதான் சறுக்கினார். பின்னால் அவரே எனக்குச் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். வீட்டில் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் கொடுத்து இன்னொரு கொத்து செய்துவிட்டோம். இப்போது கொத்து இரண்டு. புதுக் கொத்தில் ஒரு சாவியைக் கூடுதலாகக் கோத்தால் பழைய கொத்தில் அது வராது. ஆனால் பீரோ? பீரோ ஒன்றுதான். புதுச் சாவியால் திறந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, பழைய சாவியால் திறந்தால் பிஸ்கட் இருக்குமா? இருக்காது. இதை நான் சொந்த அனுபவத்திலேயே சொல்வேன். மாமா எடுத்தது சாவிக்கொத்தின் காப்பி. தடங்களுக்குள்ளே இருந்த நிறுத்தங்கள் அசலுக்கும் காப்பிக்கும் பொதுவாக அப்படியே இருந்தன.

அதிலும் அந்தப் பழைய புரோகிராம்காரர் கெட்டிக்காரர். பல் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற தடம் எத்தனை இருந்தாலும், பல் ஆஸ்பத்திரி என்கிற நிறுத்தத்தை ஒரே இடத்தில் வைத்து, எல்லாத் தடமும் அதையே காட்டும்படி செய்திருந்தார். பெயர் மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும் என்பதற்காக. நல்ல யோசனை.

உள்ளே வரைக்கும் இறங்கி, ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்துவைக்கிற காப்பியும் உண்டாம். மாமாவுக்கு அதுவும் தெரியும். "சும்மா எழுதிப் பாக்கத்தானே, அதுக்கு எதுக்கு அவ்வளவு மெனக்கெடணும்னு விட்டுட்டேன்" என்றார்.

பல் ஆஸ்பத்திரி என்ற பெயர் இருந்த இடத்தில், காப்பியில் என்று நினைத்துக்கொண்டு, எழுதினார். முதலில் 'தங்கள் சமூகத்துக்கு ஒரு பணிவான விண்ணப்பம்' என்று எழுதினாராம். சிவப்பு எழுத்தில் ஓடியதும் அது வேலையிலிருந்து நீக்குகிற உத்தரவு மாதிரி இருந்ததால் அழித்தார். பிறகு ஏதோ கவிதை மாதிரி. அதையும் அழித்தார். கடைசியில் மனசில் இருந்ததை அப்படியே தட்டினார். அது நன்றாக இருந்தது. நாளைக்கு நேரில் இதையே சொல்லிவிடலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டார். அப்போது ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பி வரும் சத்தம் கேட்டது. சோதனை போர்டை அணைத்தார். 'மீன் சந்தை'யில் 'ந' போய் மூன்று சுழி 'ண' வந்து 'சண்டை' மாதிரித் தெரிகிறது என்று சந்தைக்காரர்கள் கொடுத்திருந்த புகார் ஒன்று மேசையில் இருந்தது. அதை அசலில் திருத்தினார். அசலைச் சேமித்தார். எல்லா பஸ்ஸுக்கும் அனுப்பினார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் தபால் நிலையத்துக்குக் கிளம்பிய அம்மா, போன வேகத்தில் திரும்பி வந்து என் காதைப் பிடித்தாள்.

"நான் என்ன செஞ்சேன்?"

"நீ செய்யாம இந்த ஊர்ல வேற யாரு செய்வா? வந்து பாரு!"

என் மேல் சந்தேகம் வந்ததில் நியாயம் இருந்தது. மாமா அறையில் கிடந்த பழைய போர்டை ஒருநாள் எங்கள் வாசலில் மாட்டி, 'இங்கே கணக்கு வாத்தியார் வாடகைக்கு விடப்படும்' என்று ஓடவிட்டிருக்கிறேன். வாத்தியார் என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வீட்டுக்கு வந்த அன்று.

தெருமுனைக்குப் போனால் பஸ் நிற்கிறது. ஏறுகிற ஆளைக் காணோம். சுற்றி ஒரே கூட்டம். பஸ்ஸின் நெற்றியில் சிவப்பு எழுத்து நிதானமாக ஊர்ந்து போகிறது: மீன் சந்தை, தபால் நிலையம், எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது உங்களைப் பாக்கத்தான் வர்றேன், தண்ணீர்த் தொட்டி.

பை நிறையச் சாமான் வைத்திருந்த ஓர் அம்மா ஜன்னல் வழியாக டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கண்ணு நெசமாவே தெரியுதா?"

"தெரியுதும்மா. ஏறுங்க."

"தெரிஞ்சா எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க? எங்க வீட்டுக்காரர் ஓட்டும்போது இப்படியா எழுதி வெச்சுக்கிறாரு?"

"என்னத்த எழுதியிருக்கு?" டிரைவர் இறங்கி முன்பக்கம் வந்தார். பெரிய மீசைக்காரர். நின்று, முழுவதும் ஓடி முடிகிறவரை படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது சரி," என்றார் கூட்டத்தில் ஒருவர், "எங்களைப் பாக்க எதுக்கு வர்றீங்க? ரோட்டைப் பாத்து வாங்க!"

நான் படித்ததுமே தெரிந்துகொண்டேன், இது யாருடைய வாக்கியம் என்று. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாதான் என்னைப் பேசவே விடவில்லையே. இழுத்த இழுப்பில் டிப்போவுக்கே கொண்டுபோய்விட்டாள், மன்னிப்புக் கேட்க வைப்பதற்கு.

டிப்போவில் நிலவரம் வேறு மாதிரி போயிருந்தது. ஊரெல்லாம் இருந்து போன் வந்து, மேனேஜருக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் ஏறியிருந்தது: கம்பெனி டிரைவர்களுக்குக் கண் தெரியாது என்று வதந்தி. அதை உடனே அடக்க வேண்டும். எல்லா டிரைவருக்கும் இங்கேயே, இப்பவே கண் பரிசோதனை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பல் ஆஸ்பத்திரி எதிரே ஒரு கடை இருக்கிறது சார். கூப்பிடு அவங்களை.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் அறையில், காலண்டர் மாட்டுகிற ஆணியில், எழுத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கார அம்மா குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். வராந்தாவில் டிரைவர்கள் வரிசை. மாமா? அறையின் மூலையில் சுவரோடு சுவராக. அந்த நேரம் யாராவது சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் அவரையும் சேர்த்து அடித்திருப்பார்கள்.

"சார்," என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இவதான் சார். என் பொண்ணு. தம்பி கம்ப்யூட்டர்ல ஏதோ நோண்டிட்டா. படிப்பும் ஏறல, புத்தியும் வரல. மன்னிச்சுடுங்க சார்."

மேனேஜர் மேசையை விட்டு எழுந்தார். "நீதானாம்மா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கார அம்மாவையும் பார்க்கவில்லை. தரையில் ஒரு டைல்ஸ் உடைந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் பஸ் போர்டு நிறத்தில் இருந்தன. என் கணக்கில் ஏற்கெனவே நிறையப் பழி இருக்கிறது. இன்னொன்று கூடினால் எனக்குக் கனம் தெரியப்போவதில்லை.

"ஆமா சார். நான்தான்."

"எப்படிச் செஞ்ச?"

"தட்டினேன் சார்."

"எதைத் தட்டின?"

"எல்லாத்தையும்."

கண்ணாடிக்கார அம்மா குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். "உங்களைப் பாக்கத்தான் வர்றேன்னு எழுதினியே, யாரைம்மா?"

"பொதுவா... எல்லாரையும்" என்றேன்.

"கண் நல்லாத் தெரியுதுன்னு எழுதினியே, அது யார் கண்ணு?"

"டிரைவர்..."

"நெசமா எழுதின பொண்ணு இவ்வளவு யோசிச்சுப் பேச மாட்டாளே," என்றார் அந்த அம்மா.

மேனேஜர் போனை எடுத்தார். "எந்த ஸ்கூல்ல படிக்கிற? உன் ஹெட்மாஸ்டர் நம்பர் சொல்லு."

"அவ இல்ல சார்," என்று சுவர் பேசியது. "நான்."

மேனேஜர் போனை அப்படியே பிடித்தபடி நின்றார். "நீயா? அசல்ல இப்படி எழுதலாமா?"

"அசல்ல எழுதல சார். காப்பி எடுத்துத்தான் எழுதினேன்."

கதவருகில் நின்ற பியூன் தலையை நீட்டினார். "காப்பி எத்தனை சார்?"

"போய்யா! இது வேற காப்பி." மேனேஜர் திரும்பினார். "காப்பியில எழுதினா அசல்ல எப்படி வரும்?"

"வெளிய காப்பி சார். உள்ள அதே."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரி இருந்தா வந்திருக்காது சார். அதே."

"அதைத்தானேய்யா நானும் சொல்றேன், அதே மாதிரி!"

"இல்ல சார். அதே மாதிரின்னா ரெண்டு. இது ஒண்ணு. ரெண்டு பேர் கையில சாவி இருக்கு, பீரோ ஒண்ணு."

"யார் பீரோ?" என்றாள் அம்மா.

"பீரோ இல்லக்கா, பல் ஆஸ்பத்திரி."

"பல் ஆஸ்பத்திரியில எதுக்குடா நமக்குப் பீரோ?"

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பியூனைப் பார்த்து, "ஒரு காப்பி கொண்டு வா," என்றார். "குடிக்கிறது."

கண்ணாடிக்கார அம்மா மட்டும் விடவில்லை. "சார், ஒரே ஒரு கேள்வி. அந்த வாக்கியம் யாருக்கு எழுதினது?"

"மேடம், அது எங்க ஆபீஸ் விசாரணை..."

"காலையிலேருந்து ஒவ்வொரு பஸ்ஸும் அதைக் காட்டிக்கிட்டு நின்னது என் கடை வாசல்ல."

வராந்தாவில் டிரைவர்கள் வரிசை கலைந்து, கதவில் தலைக்கு மேல் தலையாக நின்றது. மாமா வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. அது ஊர் முழுக்கப் போய்விட்டதே, இனி வாயில் எங்கே மிச்சம் இருக்கும். வந்தது விரல்தான்.

"ஏழாம் நம்பர் தடம்," என்று காற்றில் ஒரு குத்து. "பல் ஆஸ்பத்திரி நிறுத்தம்." இன்னொரு குத்து. "எதிர்ப் பக்கம். கண்ணாடிக் கடை. உள்ள. ஸ்டூலுக்கு முன்னாடி." விரல் ஒவ்வோர் இடமாக நகர்ந்து வந்து, கண்ணாடிக்கார அம்மாவின் முன்னால் நின்றது. பெரியவர்களை விரலால் காட்டுவது மரியாதை இல்லை என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, விரலை மடக்கி, மொத்தக் கையையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சியை நீட்டி அட்டையில் வைத்தார்.

"இது என்ன?"

"ழ, மேடம்."

"யானை இல்லையா?"

"இல்ல மேடம்."

"கடைசி வரி?"

மாமா நின்ற இடத்திலிருந்தே கடைசி வரியைப் படித்தார். அதோடு நிற்காமல், அதற்கும் கீழே எறும்பு அளவில் இருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் படித்தார். டிரைவர்கள் கை தட்டினார்கள். மீசைக்காரர் விசில் அடித்தார்.

"ஞாயித்துக்கிழமை கடை கிடையாது," என்றார் அந்த அம்மா, அட்டையை நேராக்கியபடி. "சாயங்காலம் ஆத்தோரமா நடக்கப் போவேன். அந்தப் பாதை யாருக்கும் சொந்தம் இல்ல." பிறகு வராந்தாவைப் பார்த்து, "அடுத்த டிரைவர்" என்றார்.

மேனேஜர் சோதனை போர்டைப் பிடுங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மாமா ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, போர்டில் பல் ஆஸ்பத்திரி திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. ஏறிய இடமெல்லாம், "அம்பு, நம்மளையும் பாக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டுச் சாகடித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். தெருமுனை வந்ததும் என் காதைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா மதியத்திலிருந்தே தயாரானார். ஏழெட்டுச் சட்டையையும் கட்டிலில் பரப்பி, எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எல்லாம் ஒரே சட்டைதான் என்றேன். ஒரே மாதிரி சட்டை என்று திருத்திவிட்டு, ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். அம்மா வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "அந்தம்மா வராம விட்டுட்டா இவன் உடைஞ்சு போயிடுவான்டி," என்றாள். அப்புறம், "வந்துட்டா என்ன பேசுவான், சொல்லு," என்றாள். அவர் வந்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் போதும், இந்த மனிதர் ஏதாவது உளறி, சரியான பைத்தியம் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிடுவார்.

வெளிச்சம் இருக்கும்போதே மாமா திரும்பி வந்தார். நொண்டி நொண்டி வந்தார். வெறுங்கால்.

"செருப்பு எங்கடா?"

"அவங்க கால்ல."

அம்மா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "முதல்லேருந்து சொல்லு."

"பாதையில அவங்க செருப்பு வார் அறுந்துடுச்சுக்கா. ஒரே சரளைக்கல்லு. என்னோடதைக் கழட்டிக் குடுத்தேன். வேணாம்னாங்க. நான் போட்டுக்க மாட்டேன்னு கையில தூக்கிட்டு நின்னேன். அப்புறம் போட்டுக்கிட்டாங்க. படகு மாதிரி இருந்துச்சு அவங்க காலுக்கு. அதோட கடை வரைக்கும் நடந்தாங்க."

"நீ என்ன பேசின?"

"ஒண்ணும் பேசல. முள்ளு குத்திச்சு, அதைக் காட்டிக்காம நடக்குறதுலயே நேரம் போயிடுச்சு."

"அவங்க?"

"பைத்தியமா நீங்கன்னு கேட்டாங்க." மாமாவின் முகம் அகலமாக விரிந்தது. "ரெண்டு தடவை கேட்டாங்கக்கா."

அம்மா ஊசியும் கிண்ணத்தில் வெந்நீரும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முள் நன்றாக உள்ளே போயிருந்தது.

"அடுத்த வாரம் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போ."

"வேணாம்கா. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் புதுசு போட்டுக்கிட்டுப் போய் நின்னா, அவங்க அதை எங்க குடுப்பாங்க?"

அம்மா ஊசியைப் பிடித்த கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"ஆடாம இருடா," என்றாள் கடைசியில். "ஏய், வெளிச்சம் பத்தல."

நான் டார்ச்சை எடுத்து வந்து பாதத்துக்குக் கிட்டே பிடித்தேன்.